டிஷ்வாஷரில் தண்ணீர் வடியாமல் நின்றால்: அறிகுறி பார்த்துக் காரணம் காணும் முறை

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு எல்லையை ஒட்டிய ஊர்களில், சமையலறைக்குப் பின்னால் வொர்க் ஏரியா என்று தனியாக ஓர் இடம் கட்டப்படுவதால், டிஷ்வாஷர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதை அங்கேதான் வைக்கிறார்கள். இயந்திரத்துக்கென்று தனி வடிகுழாய் பெரும்பாலான வீடுகளில் முன்கூட்டிப் போடப்பட்டிருப்பதில்லை. பழைய சிங்க்கின் குழாயோடு இணைத்துவிடுகிறார்கள், அல்லது சுவரில் துளையிட்டுத் தோட்டத்து வாழைத்தடத்துக்கு நீரைத் திருப்பிவிடுகிறார்கள். சில மாதங்கள் ஒழுங்காக ஓடிய இயந்திரத்தின் கதவை ஒருநாள் திறந்தால், அடியில் கலங்கிய நீர் தேங்கி நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் உடனே சொல்வது, “பம்ப் போயிருக்கும்” என்பதுதான்.

பம்ப் போயிருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தண்ணீர் வடியாத இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் பம்ப் நல்ல நிலையில்தான் இருக்கிறது. பம்புக்கு முன்னால் உள்ள ஃபில்டரோ, பம்பின் சக்கரத்தில் சிக்கிய நாரோ, பம்புக்குப் பின்னால் உள்ள குழாயோதான் வழியை மறிக்கிறது. காரணம் தெரியாமல் பம்பை மாற்றிவிட்டால் செலவும் ஆகும், சில நாட்களில் தண்ணீரும் மீண்டும் தேங்கும்.

நீர் போகும் வழியை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பாத்திரங்களின்மேல் அடிக்கப்பட்ட நீர், அடித்தளத்தில் உள்ள ஃபில்டர் வழியாக இறங்கி, அதன்கீழே உள்ள சிறு குழியில் சேர்கிறது. அந்தக் குழியின் பக்கவாட்டில் வடிபம்ப் இருக்கிறது. கழுவும்போது நீரைச் சுழற்றி அடிக்கும் பம்ப் வேறு, அழுக்கு நீரை வெளியே தள்ளும் இந்தப் பம்ப் வேறு. பம்பின் வாயில் நீர் திரும்பி வராமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று உண்டு. அதைத் தாண்டியதும் நெளிநெளியான டிரெயின் ஹோஸ், அதன்பின் சிங்க்கின் அடியில் நாற்றம் மேலே வராமல் சிறிது நீரைத் தேக்கிவைக்கும் ட்ராப், அதன்பின் வீட்டின் பிவிசி குழாய், கடைசியாக முற்றத்துக் குழியோ வாழைத்தடமோ. இந்த வழியில் எந்த இடத்தில் அடைத்தாலும் கதவைத் திறப்பவருக்குத் தெரிவது ஒரே காட்சிதான். ஆனால் ஒவ்வோர் அடைப்புக்கும் சத்தம் வேறு, நீரின் அளவு வேறு, நீர் நிற்கும் நேரம் வேறு. அந்த வேறுபாடுகளைக் கொண்டுதான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. இயந்திரத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயின் திருகை மூடுங்கள். கழுவி முடித்த உடனே திறந்திருந்தால், அடியில் உள்ள நீர் கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும் என்பதால் ஆறும்வரை பொறுங்கள். ஃபில்டர் குழியில் உடைந்த கண்ணாடிச் சில்லு கிடக்க வாய்ப்பு இருப்பதால் வெறும் விரலை உள்ளே விடக் கூடாது. தடித்த ரப்பர் கையுறை அணிந்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

தேங்கிய நீரை ஒரு மக்கால் மொண்டு, கடைசி மிச்சத்தை ஸ்பாஞ்ச் கொண்டு ஒற்றி, ஒரு வாளியில் சேருங்கள். அதை அப்படியே கொட்டிவிடாமல் அளவைக் கவனிப்பது முக்கியம். இன்றைய இயந்திரங்கள் ஒரு தடவை நிரப்பும்போது உள்ளிழுப்பது ஏறத்தாழ மூன்று, நான்கு லிட்டர்தான். வாளியில் அந்த அளவு இருந்தால், ஒரு தடவை நிரப்பிய நீர் வெளியேறவில்லை என்று பொருள். அதைவிட வெகுவாக மிகுந்திருந்தால், நீர் வேறெங்கிருந்தோ உள்ளே வந்திருக்கிறது. தேட வேண்டிய இடமே மாறிவிடும்.

இன்னொன்றையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சிங்க் அடைப்புக்குக் கடையில் விற்கும் காரத்தூளையோ, குளியலறை ஆசிட்டையோ இயந்திரத்துக்குள் ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்களையும் உலோகப் பாகங்களையும் அவை அரித்துவிடும். பின்னர் அந்த நீரில் கைவைத்துப் பழுது பார்ப்பவரின் தோலையும் கண்ணையும் பாதிக்கும். ஆசிட்டும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் குறைந்த வொர்க் ஏரியாவில் அது உயிருக்கே ஆபத்து.

ஃபில்டரின் அடியில் சிறிதளவு தெளிந்த நீர் மட்டும் நிற்கிறது

இது பழுதே அல்ல. குழியின் அடியில் ஒரு டம்ளர் அளவு நீர் எப்போதும் தங்கும். அது பம்பின் சீல் காய்ந்து வெடிக்காமல் காக்கிறது. நீர் ஃபில்டருக்கு மேலே ஏறித் தட்டைத் தரையில் பரவியிருந்தாலோ, கலங்கியிருந்தாலோ மட்டுமே தொடர்ந்து படியுங்கள். கழுவும்போது நடுவில் மின்சாரம் போய்த் திரும்பி வராமல் இருந்தாலும் உள்ளே நீர் நிற்கத்தான் செய்யும். மின்சாரம் வந்ததும் பல இயந்திரங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொள்ளும்.

கலங்கிய நீர் தேங்குகிறது. பாத்திரங்களில் துகள்கள் ஒட்டியிருக்கின்றன

நீர் முழுவதுமாக நிற்காமல் பாதி வடிந்து, தட்டுகளிலும் டம்ளர்களின் அடியிலும் மணல்போல் துகள் படிந்திருந்தால், ஃபில்டர் அடைந்திருக்கிறது. கீழ்த் தட்டை வெளியே இழுத்துவிட்டு, நடுவில் உருளையாக நிற்கும் ஃபில்டரை இடப்புறமாகத் திருகித் தூக்குங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் அப்படித்தான் கழலும். அதன்கீழே தட்டையாக ஒரு நுண்வலை இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.

நம் பக்கத்துச் சமையல் இந்த ஃபில்டரைச் சோதிக்கிற சமையல். மொளகூட்டல், எரிசேரி, அவியல் என்று தேங்காய் அரைத்து விடாத நாளே அரிது. அரைத்த தேங்காயின் சக்கை, துருவலோடு வரும் கறுத்த தோல், கறிவேப்பிலை ஈர்க்கு, புளிக்கோது, முருங்கைக்காய்ச் சக்கை ஆகியவை வலையில் முதலில் தங்குகின்றன. மட்டை அரிசிக் கஞ்சியின் பசை அவற்றின்மேல் ஒரு மெல்லிய தோலாகப் படர்ந்து உலர்ந்துவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் வலை சுத்தமாகவே தெரியும். வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தால்தான் கண்கள் அடைந்திருப்பது தெரியும். வலையின் வழியாக ஒளி புள்ளிபுள்ளியாக வர வேண்டும், மங்கிய கண்ணாடியின் வழியே வருவதுபோல் வரக் கூடாது.

வெந்நீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் மெல்லத் தேய்த்தால் பசை கழன்றுவிடும். கம்பி நாரால் தேய்த்தால் நுண்வலை கிழியும். கிழிந்த வலை அழுக்கை நேரே பம்புக்கு அனுப்பும் என்பதால், கிழிசல் தெரிந்தால் புதிய ஃபில்டர் வாங்கிவிடுவதே நல்லது. திரும்பப் பொருத்தும்போது உருளையை வலப்புறம் திருகி, அம்புக்குறிகள் நேருக்கு நேர் வரும்வரை இறுக்குங்கள். பாதி திருகிய ஃபில்டர், இல்லாத ஃபில்டருக்குச் சமம்.

தேங்காய் அன்றாடம் புழங்கும் வீட்டில் வாரம் ஒருமுறையாவது ஃபில்டரைக் கழுவ வேண்டும். கையேட்டில் அதைவிட நீண்ட இடைவெளி சொல்லப்பட்டிருந்தாலும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அந்தக் கையேடு நம் அம்மிக்கும் கிரைண்டருக்கும் ஏற்ப எழுதப்பட்டதன்று.

வடிக்கும் நேரத்தில் உறுமல் கேட்கிறது, நீர் அசையவில்லை

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் இப்படி நேர்ந்தால், பம்ப் சுற்ற முயல்கிறது, ஏதோ ஒன்று அதைப் பிடித்து நிறுத்துகிறது என்று கொள்ளலாம். பல இயந்திரங்களில் ஸ்டார்ட் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ஓடிக்கொண்டிருக்கும் சுற்று ரத்தாகி, பம்ப் ஒரு நிமிடம் அளவுக்கு வடிப்பதற்காக மட்டும் ஓடும். கதவை மூடி அப்படி ஓடவிட்டு, கீழ்ப்பகுதியில் காதை வைத்துக் கேளுங்கள். சீரான ஓட்டத்தின் ஒலியும், சிக்கிக்கொண்ட மோட்டாரின் உறுமலும் முதல் தடவையிலேயே வேறுபட்டுத் தெரியும்.

பிளக்கைப் பிடுங்கி, நீரை மொண்டு வெளியேற்றிவிட்டு, ஃபில்டர் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல இயந்திரங்களில், குறிப்பாக பாஷ், சீமென்ஸ் வகைகளில், குழியின் பக்கச் சுவரில் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும். ஸ்பூனின் காம்பை அதன் விளிம்பில் கொடுத்து நெம்பினால் மூடி உட்புறமாகச் சாய்ந்து வெளியே வரும். அதன் பின்னால் இருப்பது பம்பின் இறக்கைச் சக்கரம். வேறு சில தயாரிப்புகளில் பம்ப்பை எட்டுவதற்கு இயந்திரத்தைப் படுக்கவைத்து அடிப்பகுதியைத் திறக்க வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே முறை.

சக்கரத்தை ஒரு குச்சியால் மெதுவாகத் தள்ளிச் சுற்றிப் பாருங்கள். அது மின்விசிறிபோல் வழுக்கிச் சுற்றாது; உள்ளே நிலைக்காந்தம் இருப்பதால், ஒரு நிலையில் பிடித்து, சற்று அழுத்தம் கொடுத்ததும் டக்கென்று அடுத்த நிலைக்குத் தாவும். இந்தத் தாவலைப் பழுதென்று நினைத்து நல்ல பம்பை மாற்றச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். தாவித் தாவிச் சுற்றினால் சக்கரம் ஆரோக்கியமாக இருக்கிறது. எந்தப் பக்கமும் அசையாமல் நின்றால் ஏதோ சிக்கியிருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் தளர்வாகச் சுற்றினாலோ, இறக்கை தனியாக ஆடினாலோ, சக்கரம் அச்சிலிருந்து உடைந்து பிரிந்திருக்கிறது. அப்போதுதான் பம்பை மாற்றும் பேச்சுக்கே இடம்.

சிக்குவது எது என்பதில் நம் வீடுகளுக்கென்று ஒரு வழக்கம் தெரிகிறது. அடிப்பிடித்த உருளியையும் சட்டியையும் தேங்காய் நாரால் ஒருமுறை தேய்த்துவிட்டுத்தான் இயந்திரத்தில் வைக்கிறோம். அந்த நாரின் இழைகள் ஈரப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகின்றன. ஃபில்டரைச் சரியாக இறுக்காத ஒரு நாளில் இரண்டு இழைகள் குழிக்குள் இறங்கினால் போதும், சக்கரத்தின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அடுத்தடுத்து வருகிறவை அதன்மேல் சுற்றிக்கொண்டு, பழுப்பு நிறத்தில் ஒரு சிறு கண்டாகவே மாறிவிடும். எருத்தேம்பதிப் பக்கத்தில் ஒரு வீட்டில் எடுத்த கண்டு சுண்டைக்காய் அளவு இருந்தது. அதற்குள்ளே இரண்டு கடுகும் ஒரு கிராம்பும் இறுகிப் போயிருந்தன. சிறு கத்தரிக்கோலால் நாரை ஓரிடத்தில் வெட்டி, முள்வாங்கியால் பிடித்துச் சுழற்றி எடுத்தால் முழுவதும் உருவிக்கொண்டு வரும். நேராக இழுத்தால் இறக்கை உடையும். கம்பி நாரின் இழைகளாக இருந்தால் இன்னும் நிதானம் தேவை, அவை இறக்கையில் வெட்டிப் பதிந்திருக்கும்.

எடுத்து முடித்ததும் பம்பின் மூடியை அதே சாய்வில் வைத்து, டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் பம்ப் ஓடினாலும் நீர் குழிக்குள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும். சரிசெய்த பின்னும் வடியவில்லையே என்று தவிக்கிறவர்களின் வீட்டில் இந்த மூடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

போர்வெல் நீரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கிழக்குப் பகுதியின் நிலத்தடி நீர் கடினமானது; மலம்புழை அணையின் நீர் குழாயில் வரும் பாலக்காடு நகரத்து வீடுகளை ஒப்பிட்டால், கரட்டு நிலத்துக் கிணற்று நீர் பாத்திரத்தில் விட்டுச் செல்லும் வெண்படிவத்திலேயே வேறுபாடு தெரியும். நீரின் கடினத்தைக் குறைப்பதற்காக இயந்திரத்தில் இருக்கும் உப்புத் தொட்டி காலியாக இருந்தாலோ, நீர்க் கடினத்தின் அளவை இயந்திரத்தில் சரியாக அமைக்காமல் விட்டாலோ, அந்தச் சுண்ணாம்பு பம்பின் சக்கரத்திலும் படிந்து அதை இறுக்கும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் கல்லுப்பை நிரப்புங்கள். சமையலுப்பில் அயோடினும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும் இருப்பதால் அது உதவாது.

பம்ப் சீராக ஓடும் ஒலி கேட்கிறது. ஆனாலும் நீர் போகவில்லை

இந்த அறிகுறி நல்ல செய்தி. இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது; தடை அதற்கு வெளியே இருக்கிறது. இயந்திரத்தைச் சற்று முன்னால் இழுத்து, பின்னால் உள்ள ஹோஸ் மடங்கியிருக்கிறதா, சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தரை கழுவுவதற்காக இயந்திரத்தை நகர்த்திவிட்டுத் திரும்பத் தள்ளும்போதுதான் பெரும்பாலும் மடங்குகிறது.

மடிப்பு இல்லையென்றால், ஹோஸின் நுனியைச் சிங்க்கின் அடியிலிருந்து கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, ஒருவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பிளக்கைச் சொருகி வடிக்கும் ஓட்டத்தை மட்டும் தொடங்க வேண்டும். நுனியைத் தரையில் கிடத்தாமல் வாளியின் விளிம்பு உயரத்திலாவது பிடியுங்கள். வாளிக்குள் நீர் வேகமாகப் பாய்ந்தால் ஹோஸ்வரை எல்லாம் சரி, அடைப்பு வீட்டுக் குழாயில். ஒல்லியாக ஒழுகினால் அடைப்பு ஹோஸுக்குள்ளோ ரப்பர் வால்விலோ. இந்த ஒரே சோதனை பாதிச் சந்தேகங்களைத் தீர்த்துவிடும் என்பதால், ஆளை வரவழைப்பதற்கு முன் கட்டாயம் செய்து பாருங்கள்.

ஹோஸுக்குள் அடைப்பது பெரும்பாலும் கொழுப்பு. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் காற்று வீசும்போது, காலை நேரத்தில் வெளிச்சுவரை ஒட்டிய குழாய் அந்த அளவுக்கு எளிதில் குளிர்ந்துவிடும். இயந்திரம் சூடான நீரோடு தள்ளிய எண்ணெய், குளிர்ந்த நெளிவுகளில் வெள்ளையாகப் படிந்து, நாளடைவில் சோப்போடும் மாவோடும் சேர்ந்து சாம்பல் நிற மெழுகாகிறது. மழைக்காலத்தில் ஒழுங்காக வடிந்த இயந்திரம் மார்கழியில் மட்டும் அடம்பிடித்தால் இந்தக் கொழுப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹோஸை இரு முனையிலும் கழற்றி முற்றத்துக்கு எடுத்துச் சென்று, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டுக் குலுக்கி, தோட்டத்துக் குழாயின் அழுத்தத்தால் அலசுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், முக்கியமாக வீட்டின் பிவிசி குழாயில் அதை ஊற்றவே கூடாது; 60 டிகிரிக்கு மேல் அந்தக் குழாய் இளகி, ஒட்டிய இணைப்புகள் நெகிழத் தொடங்கும். பாத்திரத்தில் மிஞ்சிய எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துவிட்டு இயந்திரத்தில் வைக்கும் வீடுகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது.

வாளியில் நன்றாகப் பாய்ந்தது என்றால், அடுத்துச் சிங்க்கைச் சோதியுங்கள். அதன் அடைப்பானைப் போட்டு நீர் நிரப்பி ஒரே வீச்சில் திறந்துவிடுங்கள். நீர் தயங்கி, குமிழியிட்டு, மெதுவாக இறங்கினால் இரு நீரும் சேரும் இடத்துக்கு அப்பால் அடைப்பு இருக்கிறது. பாட்டில் ட்ராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றி அலசுங்கள். கீழே ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ட்ராப்பும் சுத்தமாக இருந்தால், வெளியே நடந்துபோய்க் குழாயின் கடைசி முனையைப் பாருங்கள். வாழைத்தடத்தில் முடியும் குழாய்களுக்குள் வேர் புகுந்துவிடுகிறது. குழாயின் வாயை மண் மூடிவிடுகிறது. கோடைக்காலத்தில் தவளை ஒதுங்குவதும் உண்டு. அந்த முனையைத் தடத்தின் மண்ணுக்கு ஓர் அடி மேலே, கீழ்நோக்கிய வளைவோடும் வலை மூடியோடும் நிறுத்திவிடுவது நிரந்தரத் தீர்வு.

புதிதாகப் பொருத்திய நாளிலிருந்தே வடியவில்லை

சிங்க்கின் ட்ராப்பில் டிஷ்வாஷருக்கென்று இருக்கும் கிளைக்குழாயின் வாய், விற்பனைக்கு வரும்போது ஒரு பிளாஸ்டிக் தகட்டால் மூடப்பட்டிருக்கும். அதை வெட்டித் திறக்காமலேயே ஹோஸை மாட்டிவிட்டால் ஒரு துளி நீரும் போகாது. ஹோஸைக் கழற்றி அந்த வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கழுவி முடித்தபோது காலியாக இருந்தது. காலையில் திறந்தால் நீர் நிற்கிறது

நீர் வெளியேறிவிட்டது, பிறகு திரும்பி வந்திருக்கிறது. வந்த நீர் அழுக்காக, சிங்க்கின் நாற்றத்தோடு இருந்தால் அது சிங்க்கிலிருந்து வந்தது. தெளிவாக இருந்தால், உள்ளே வரும் குழாயின் வால்வு முழுவதுமாக மூடாமல் சொட்டுகிறது; இரவில் சுவர்த் திருகை மூடிவைத்துப் பார்த்து, காலையில் காலியாக இருந்தால் அது உறுதி. அந்த வால்வை மாற்றித்தான் ஆக வேண்டும், அதுவரை ஒவ்வொரு முறையும் திருகை மூடிவையுங்கள்.

அழுக்கு நீர் திரும்பி வருவதற்குக் காரணம் ஹோஸ் போன விதம். இயந்திரத்தின் பின்னாலிருந்து ஹோஸ் நேராகத் தரையோடு போய்ச் சேரக் கூடாது. மேடையின் அடிப்பகுதிவரை உயர்ந்து, ஒரு வளைவு எடுத்து, அதன்பின்தான் ட்ராப்புக்கு இறங்க வேண்டும். சுவரில் தனிக் குழாய்க்குள் விடுவதாக இருந்தால், அந்த வாய் தரையிலிருந்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 1 மீட்டருக்கு மிகாமலும் இருப்பது பொதுவான அளவு. உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ளுங்கள். வாய் தாழ்வாக இருந்தால் எதிர்த் தொல்லையும் வரும். உள்ளே வந்த நீர் தானாகவே வழிந்தோட, இயந்திரம் திரும்பத் திரும்ப நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். முற்றத்து ஓடையில் நேராக ஹோஸைப் போட்டுவிடும் வீடுகளில் இதைக் காணலாம்.

வளைவு சரியாக இருந்தும் நீர் திரும்பி வந்தால், பம்பின் வாயில் உள்ள ரப்பர் வால்வைப் பார்க்க வேண்டும். அதன் நாக்கின்கீழ் ஒரு கடுகு மாட்டிக்கொண்டாலே அது மூடாது.

இயந்திரத்தில் நீர் நிரம்பவே இல்லை. பம்ப் மட்டும் நிற்காமல் ஓடுகிறது

இது வடியாத நோய் அல்ல, கசிவின் அறிகுறி. இயந்திரத்தின் அடித்தட்டில் ஒரு மிதவை இருக்கிறது. அங்கே நீர் சேர்ந்தால் மிதவை உயர்ந்து, வீட்டில் வெள்ளம் புகாமல் இருக்க நீர்வரத்தை நிறுத்தி, பம்பை ஓடவிடுகிறது. அங்கே சேர்ந்த நீரைத் துடைத்துவிட்டால் இயந்திரம் மீண்டும் வேலை செய்யும், ஆனால் கசிவைக் காணாமல் ஓட்டுவது தவறு. வொர்க் ஏரியாவில் தேங்காயும் அரிசிமூட்டையும் இருக்கும் வீடுகளில் எலி ஹோஸைக் கடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடிபட்ட ஹோஸை டேப் சுற்றிக் காப்பாற்ற முயலாமல் புதியது மாற்றுங்கள். அழுத்தத்தில் டேப் நிற்காது, அருகிலேயே மின்கம்பிகள் இருக்கின்றன.

கதவைத் திறந்தால் நுரை ததும்புகிறது

டிஷ்வாஷர் பொடி தீர்ந்துபோன நாளில் கையால் கழுவும் திரவத்தை ஊற்றியிருப்பார்கள். நுரையைப் பம்ப் இழுக்க முடியாது, காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். நுரையின்மேல் உப்பைத் தூவி, சிறிது வினிகர் தெளித்து, அமுங்கியதும் வடிக்கும் ஓட்டத்தை இயக்குங்கள். பிறகு பாத்திரமும் பொடியும் இல்லாமல் குளிர்ந்த நீரில் அலசும் சுற்றை நுரை அடங்கும்வரை ஓட்டுங்கள்.

வடிக்க வேண்டிய நேரத்தில் எந்தச் சத்தமும் இல்லை

பம்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது அதன் சுருள் எரிந்திருக்கிறது. முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். தோப்புகளில் நீர்ப்பாய்ச்சும் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது மின்னழுத்தம் இறங்கும் ஊர்களில், பகலில் வடிக்காத இயந்திரம் இரவில் வடிப்பதுண்டு. அது பம்பின் குற்றமல்ல, ஸ்டெபிலைசர் தேவை என்பதன் அடையாளம். மின்னழுத்தம் சரியாக இருந்தும் சத்தமில்லை என்றால், இனி மெக்கானிக்கின் வேலை. அவர் மல்டிமீட்டரால் பம்பின் இரு முனைகளுக்கு இடையே மின்தடையை அளப்பார். வீட்டு மின்சாரத்திலேயே நேராக ஓடும் வழக்கமான பம்புகளில் அது பொதுவாக நூறு முதல் இருநூறு ஓம் அளவுக்குள் காட்டும். எல்லையில்லாமல் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. அளவு சரியாக இருந்தால் பழுது கம்பியிலோ மின்சுற்றுப் பலகையிலோ இருக்கிறது. பம்பை அளக்காமலேயே மாற்ற வேண்டும் என்று சொல்கிறவரிடம், அளந்து காட்டும்படி தயங்காமல் கேளுங்கள்.

திரையில் தெரியும் குறியீடுகள்

பாஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் இ-24 என்பது வடிகுழாய் மடங்கியோ அடைந்தோ இருப்பதையும், இ-25 என்பது பம்ப் சிக்கியிருப்பதையோ அதன் மூடி சரியாக உட்காராததையோ, இ-15 என்பது அடித்தட்டில் நீர் சேர்ந்திருப்பதையும் குறிக்கும். எல்ஜி இயந்திரங்களில் ஓஇ, சாம்சங்கில் 5இ அல்லது 5சி வடியாததைச் சொல்பவை. குறியீடு வழிகாட்டி மட்டுமே. அது காட்டும் இடத்தில் தேடத் தொடங்குங்கள், அதையே முடிவாகக் கொள்ளாதீர்கள்.

ஆளை அழைக்கும்போது

இத்தனையும் செய்தும் வடியவில்லை என்றால், உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தை மேற்கொண்டு பிரிக்க வேண்டாம். 678-இல் தொடங்கும் பின்கோடு உள்ள வீடுகளின் புகார் பொதுவாகக் கேரளத்துச் சேவை மையத்துக்குத்தான் போகும். பொள்ளாச்சி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், 642 பகுதிக்கான ஆள் எல்லை தாண்டி வர மறுக்கலாம் என்பதால், இயந்திரம் வாங்கும்போதே எந்த மையம் வரும் என்று கடையில் கேட்டு எழுதி வாங்குங்கள். புகார் சொல்லும்போது “தண்ணி போகல” என்று மட்டும் சொல்லாமல், திரையில் தெரிந்த குறியீடு, மொண்டெடுத்த நீரின் அளவு, பம்பின் ஒலி, வாளிச் சோதனையில் நீர் பாய்ந்ததா ஒழுகியதா என்ற நான்கையும் சொல்லுங்கள். அவற்றைக் கேட்ட மெக்கானிக், பம்ப், ஹோஸ், வால்வு இவற்றில் எது தேவையோ அதைக் கையோடு எடுத்துக்கொண்டு முதல் தடவையே வருவார். மாற்றிய பழைய பாகத்தை உங்களிடம் தந்துவிட்டுப் போகச் சொல்லி, அதன் சக்கரத்தை ஒருமுறை நீங்களே சுற்றிப் பாருங்கள்.